வீட்டுத் தோட்டத்து உயிர்களைக் கவனிப்பது எப்படி

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், புறநகர் வீடொன்றின் தோட்டத்தில் வாழும் உயிர்களை ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972இல் முறையாகப் பதிவு செய்யத் தொடங்கினார். 30 ஆண்டுகள் கழித்து அவருடைய பட்டியலில் 2,673 இனங்கள் இருந்தன. அவற்றில் பூச்சிகள் மட்டுமே ஏறத்தாழ 2,000. புல்தரையும் பூச்செடிகளும் காய்கறிப் பாத்தியும் கொண்ட சாதாரணத் தோட்டம் அது. அவருக்கும் முன்பே, பிரான்சின் செரிஞான் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் பரப்புள்ள வறண்ட நிலத்தை 1879இல் வாங்கிய ழான் ஆன்றி ஃபாபர், 1915இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்து, குளவிகளையும் வண்டுகளையும் சிலந்திகளையும் கவனித்து எழுதினார். இருவருமே அரிய உயிர்களைத் தேடி அலையவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் இயற்கையைக் கவனிக்க விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது இந்தத் திரும்பப் பார்த்தலைத்தான் என்று நான் கருதுகிறேன். கருவிகளும் பெயர்ப் பட்டியல்களும் அதற்குப் பின்பு வரட்டும்.

இடமும் நேரமும்

தோட்டத்தில் உட்காரும் இடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரோ அடர்ந்த செடியோ இருந்தால் உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் தனித்துத் தெரியாது. காலையில் கிழக்குப் பக்கமாக உட்கார்ந்து மேற்கே பார்த்தால் வெயில் பறவையின் மீது விழும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவைகளும் கருப்பாகவே தோன்றும். நீங்கள் வந்து அமர்ந்ததும் தோட்டம் சற்று அடங்கிப்போவதைக் காண்பீர்கள். அந்த அமைதியைப் பார்த்து இங்கே ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுகிறவர்களே அதிகம். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அணில் கீழே இறங்கும், தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறத் தொடங்கும், ஓணான் வேலிக்குத் திரும்பும். ஆகவே ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் முதற்பகுதி உங்களை அவை மறப்பதற்கானது.

உட்கார்ந்திருக்கும்போது எதையும் தேடாதீர்கள். பார்வையை ஒரே இலையில் குத்தாமல் தோட்டம் முழுவதன் மீதும் தளர்வாக வைத்திருந்தால், அசைவு எதுவாயினும் கண் தானே அங்கே செல்லும். காற்றில் எல்லா இலைகளும் ஒரு போக்கில் ஆட, ஒரே ஒரு கிளை மட்டும் வேறு விதமாக அசைந்தால் அங்கே உயிர் இருக்கிறது.

நாளின் எந்த வேளையில் யார் வெளியே வருவார்கள் என்பதும் விரைவில் பிடிபடும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்பிருந்து இரண்டு மணி நேரம் பறவைகளுக்குரியது. பூச்சிகளும் ஓணானும் அரணையும் சூழலின் வெப்பத்தை நம்பி வாழ்பவை என்பதால், வெயில் ஏறிய பிறகே சுறுசுறுப்படையும். அதிகாலையில் இலைமேல் விறைத்து உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியை அருகிலிருந்து பார்க்கலாம், வெயில் ஏறியபின் அதைத் துரத்தத்தான் முடியும். உச்சிவெயிலில் பெரும்பாலானவை நிழலுக்குப் போய்விட, தட்டான்கள் மட்டும் வாலை வானத்தை நோக்கி நிமிர்த்தி, உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொண்டு குச்சிமுனையில் அமர்ந்திருக்கும். அந்தி சாயும் வேளை வௌவாலுக்கும் ஆந்தைக்கும் உரியது.

பறவைகள்

புதிதாக வந்த பறவையின் நிறத்தைத்தான் முதலில் மனம் பற்றிக்கொள்ளும். ஆனால் நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். தேன்சிட்டின் ஆண் மினுமினுக்கும், பெண் மங்கலாக இருக்கும். குயிலின் ஆண் கருமை, பெண்ணோ பழுப்பில் வெண்புள்ளிகள் கொண்டது. இரண்டையும் வெவ்வேறு பறவைகள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர். எனவே உருவத்திலிருந்து தொடங்குங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோல்களாக வைத்துக்கொண்டால், ‘மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது’ என்று எந்தப் பறவையின் அளவையும் சொல்லிவிடலாம். அவற்றின் நீளம் முறையே ஏறத்தாழ 15, 23, 40 சென்டிமீட்டர். அடுத்து அலகைப் பாருங்கள். தடித்துக் குட்டையான கூம்பு அலகு விதை உடைப்பதற்கு, ஊசி போன்றது பூச்சி பொறுக்குவதற்கு, நீண்டு வளைந்தது தேன் உறிஞ்சுவதற்கு. பின்பு வால், கால், அமரும் விதம், தரையில் நடக்கிறதா தத்துகிறதா என்பது, பறக்கும்போது நேர்கோட்டில் செல்கிறதா ஏறி இறங்கிச் செல்கிறதா என்பது. இவ்வளவையும் பார்த்த பின்பு நிறத்துக்கு வந்தால் பெயர் கண்டுபிடிப்பது எளிது. பெயர் தெரியாமல் போனாலும் அந்தப் பறவையைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நிறையத் தெரிந்திருக்கும்.

காதையும் பழக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த சிறிய இலைக்குருவிகள் உண்மையில் மூன்று இனங்கள் என்பதை அவற்றின் பாட்டு வேறுபட்டதைக் கொண்டே முதலில் உணர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டு, எத்தனை வேறு குரல்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பின்பு நாளுக்கு ஒரு குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருடையது என்பதைக் கண்ணால் உறுதிசெய்யும்வரை பின்தொடருங்கள். பாட்டைவிட எச்சரிக்கைக் குரல்களே தோட்டக்காரருக்கு அதிகம் பயன்படும். அணில் வாலை உதறிக்கொண்டு ஒரே குரலில் விடாமல் கத்தினால், தவிட்டுக்குருவிகள் ஒரு புதரைச் சுற்றி நின்று கூச்சலிட்டால், அங்கே பூனையோ பாம்போ கீரியோ இருக்கக்கூடும். பகலில் காகங்கள் ஒரு மரத்தை முற்றுகையிட்டால் அதன் கிளையிடுக்கில் ஆந்தை ஒண்டியிருக்கலாம்.

பறவையின் பெயர் தெரிந்தவுடன் அடுத்ததற்குத் தாவிவிடாமல், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். தையல்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் இழையாக இழுத்து, இலையைப் பை போலத் தைக்கும். அந்தச் சிறு பறவை பஞ்சைக் கவ்விக்கொண்டு ஒரே செடிக்கு மூன்று முறை போனால் அங்கே கூடு உருவாகிறது என்று பொருள். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அருகில் போகாமல் இருப்பதுதான். கூட்டை மறைக்கும் இலையைப் படத்துக்காக விலக்கினால் காகத்துக்கும் பூனைக்கும் வழிகாட்டியவர் ஆவீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டதாக எண்ணி, குஞ்சுக்கு உணவு தேடும் நேரத்தை அது வீணாக்கும்.

இருகண்ணோக்கி வாங்குவதாக இருந்தால், அதன்மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். 8x42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்புற வில்லையின் குறுக்களவு 42 மில்லிமீட்டர். தோட்டத்துக்கு எட்டு மடங்கே போதும். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடும், காட்சிப் பரப்பும் சுருங்கும். இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினால், வண்ணத்துப்பூச்சிக்கும் அதுவே உதவும். முதல் நாளே உங்கள் கண்ணுக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளுங்கள்: வலப்பக்க வில்லையை மூடிவிட்டு, இடக்கண்ணால் ஓர் எழுத்துப் பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள், பின் இடப்பக்கத்தை மூடி, வலக்கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மங்கலாகவே பார்த்துப் பழகியவர்கள் உண்டு. பறவையைக் கண்டதும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் கருவியை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள்.

ஒரு செடியின் முன் அமர்தல்

பறவைகள் வந்து போகிறவை. பூச்சிகள் அங்கேயே பிறந்து அங்கேயே மடிபவை. ஒரு முழு வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்க்க வேண்டுமானால் பூச்சிகளிடம்தான் போக வேண்டும். என் பரிந்துரை, ஒரு செடியைத் தேர்ந்து அதையே ஒரு மாதம் பார்ப்பது.

எலுமிச்சைச் செடி இருந்தால் அதுவே சிறந்த பள்ளிக்கூடம். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதன் இளந்தளிர்களைச் சுற்றிப் படபடத்து, நொடிப்பொழுது தொட்டு, ஒவ்வொன்றாக வெளிர்மஞ்சள் முட்டைகளை இட்டுச் செல்லும். சில நாட்களில் வெளிவரும் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவையின் எச்சம்போலவே இருக்கும். தின்ன வரும் பறவை அதைப் பொருட்படுத்தாமல் போய்விடுகிறது. தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து கடைசிக் கட்டத்தில் இலையோடு கலந்துவிடும் பச்சையாகிவிடும். அப்போது மெல்லிய குச்சியால் லேசாகத் தீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி, கடுமையான மணத்தைப் பரப்பும். ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம். பின்பு ஒரு காம்பில் பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து இறக்கை விரிவதுவரை ஏறத்தாழ ஒரு மாதம். எல்லாக் கூட்டுப்புழுவிலிருந்தும் வண்ணத்துப்பூச்சி வருவதில்லை. சிலவற்றில் சிறு ஓட்டை விழுந்து, உள்ளே தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும். அதுவும் உங்கள் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டிய பிறப்புதான். எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் இதேபோலப் பார்க்கலாம்.

இலையில் தெரியும் சேதங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரோஜா இலையின் ஓரத்தில் அளந்து வெட்டியதுபோல வட்டத் துண்டு காணாமற்போயிருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டுகளைச் சுருட்டி, துளைகளுக்குள் தன் குஞ்சுகளுக்கு அறை அமைக்கும். சுவரில் சிறு குடம்போன்ற மண்கூடு இருந்தால் அதனுள்ளே குளவி கொட்டிச் செயலிழக்கச் செய்த புழுக்களும் குளவியின் ஒரு முட்டையும் இருக்கும். இளந்தண்டில் அசுவினி என்ற சிறு பூச்சிகள் அப்பியிருப்பதைக் கண்டால் உடனே மருந்தை எடுக்காமல் ஒரு வாரம் பாருங்கள். அசுவினி வெளியிடும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதைக் காவல்காக்கும், பொறிவண்டு அதைத் தின்ன வரும், பொறிவண்டின் இளம்புழுவும் வரும். அந்த இளம்புழு கருத்து நீண்டு, முதலையின் சிற்றுருவம் போலிருப்பதால், அதையே கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தன் தோட்டத்துக்கு நன்மை செய்வது யார் என்று தெரியாமல் மருந்தடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிரித்தறிய உணர்கொம்பைப் பாருங்கள். முனை குண்டூசித் தலைபோலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி, இழைபோலவோ இறகுபோலவோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. தட்டான் அமரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும், அதன் கண்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கும். நீர்த்தொட்டிக்கு அருகில் ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். தட்டான் இரைதேடிப் பறந்துபோய் அதே குச்சிக்கே திரும்ப வரும் என்பதால், அதைத் துரத்தாமலே பார்க்கலாம். பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, இலையைத்தான் அதனருகே கொண்டுவர வேண்டும்.

தரையும் இரவும்

சருகுக்கும் கல்லுக்கும் அடியில் வேறொரு மக்கள்தொகை உண்டு. கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கமிருக்கும் விளிம்பைத் தரையிலேயே ஊன்றவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பை ஒரு குச்சியாலோ கொக்கியாலோ உங்களை நோக்கித் தூக்குங்கள். பூரானோ தேளோ பாம்போ இருந்தால் உங்களுக்கு எதிர்த்திசையில் வெளியேறும், இடையில் கல் இருக்கும். வெறுங்கையை விடவே கூடாது. பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். ஈரமும் இருளும்தான் அங்கே வாழ்பவற்றின் உயிர். உடலின் வளையம் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இணைக் கால் இருந்தால் பூரான், இரண்டு இணை இருந்தால் மரவட்டை. மழை படாத தூசிமண்ணில் புனல்போன்ற குழிகள் தெரிந்தால் அடியில் குழியானை என்ற பூச்சி இருக்கிறது. எறும்பு சறுக்கி விழுந்ததும் மண்ணை வீசி அதைக் கீழே இழுப்பதை நேரில் பார்ப்பதற்காக அரை மணி நேரம் குந்தியிருப்பது தகும்.

மண்புழுவை ஒரு பானையில் வைத்து வளர்த்தே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். உரத்த ஓசைக்கு அவை அசையவில்லை. பானையைப் பியானோவின் மீது வைத்துச் சுரத்தை மீட்டியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன. மண்ணுயிர்களைக் கவனிக்கப் போகும்போது மெல்ல அடியெடுத்து வைக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

இரவில் ஒரு கைவிளக்கு போதும். அதை நெற்றிப்பொட்டுக்கு அருகில், கண் மட்டத்தில் பிடித்துப் புல்தரையைப் பார்த்தால், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் சிறு பனித்துளிகளாக மின்னும். இடுப்பருகே பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பாது. வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல அந்தி வேளையில் புதுவலை கட்டும். ஆரங்களை இழுத்து, பின் சுருளாகச் சுற்றி முடிப்பதை ஒரே அமர்வில் முழுதாகப் பார்த்துவிடலாம். நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான இரவில் வெள்ளைத்துணியொன்றைக் கட்டி அதன்முன் விளக்கேற்றினால் அந்துப்பூச்சிகள் வந்து அமரும். பறக்கும் பூச்சிகள் தம் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைக்கும் இயல்புடையவை, அதனால்தான் செயற்கை விளக்கைச் சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன என்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இரண்டு மணி நேரத்துக்குள் விளக்கை அணைத்து, துணியைச் செடிகளின்மேல் மெல்ல உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் பல்லிக்கும் பறவைக்கும் பந்தி வைத்ததாகிவிடும்.

வரவழைப்பவை

தானியம் தூவுவதைவிடத் தண்ணீர் வைப்பதையும் செடி வளர்ப்பதையுமே நான் முதலில் சொல்வேன். அகன்ற, சொரசொரப்பான மண்தட்டில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்தால் தேனீயும் குடிக்கும், சிட்டும் குளிக்கும். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஒரு வாரமளவு ஆகும் என்பதால் இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தானியத்தட்டு வைப்பவர்கள் அதையும் அடிக்கடி கழுவாவிட்டால், கூடும் பறவைகளுக்கிடையே நோய் பரவும். ஒரு மூலையில் சருகும் பட்ட மரத்துண்டும் கிடக்கட்டும். ஒருபக்கம் மூடிய மூங்கில் குழாய்களை, துளை நான்கு முதல் பத்து மில்லிமீட்டர் வரை இருக்குமாறு, மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் தனித்து வாழும் தேனீக்கள் குடிவரும். பறவைகள் முட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடிச் சன்னல் இருந்தால் அதன் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளை ஒட்டுங்கள். பூனை வளர்ப்பவர்கள் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் பருவத்திலாவது இது கட்டாயம்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுக்காதீர்கள். தாய் அருகிலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

குறிப்பேடு

தேதி, நேரம், வெயிலா மேகமா காற்றா, எந்த இடம், எத்தனை, என்ன செய்தது: இவ்வளவுதான் ஒரு குறிப்பு. ‘தேன்சிட்டு வந்தது’ என்று எழுதுவதைவிட, ‘காலை 7.10, பெண் தேன்சிட்டு ஒன்று, சிலந்தி வலையிலிருந்து இழையை மூன்று முறை பிடுங்கிக்கொண்டு வடக்கே பறந்தது’ என்று எழுதுங்கள். பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல், ஊகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள். கோட்டுப்படம் கோணலாக இருந்தாலும் வரையுங்கள். வரையத் தொடங்கும்போதுதான் கால் என்ன நிறம் என்பதைப் பார்க்கவே இல்லை என்று தெரியவரும். நினைவிலிருந்து இரவில் எழுதாமல் அங்கேயே எழுதுங்கள்.

பெயர் தெரியாதவற்றின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிந்தால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பறவைப் பட்டியலை இ-பேர்ட் தளத்தில் சேர்க்கலாம். 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணிக்கையைப் பதிந்தால் நீங்களும் அதில் பங்கேற்கலாம். கூடிருக்கும் இடத்தின் சரியான புள்ளியை மட்டும் பொதுவில் வெளியிட வேண்டாம்.

ஆண்டு திரும்பியதும், சென்ற ஆண்டின் அதே வாரத்துப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே நேரத்தில் உட்காருங்கள். குயிலின் முதல் கூவல் எத்தனை நாள் முந்தியது, எலுமிச்சையில் முதல் முட்டை எப்போது வந்தது, சென்ற ஆண்டு எழுதப்பட்டிருந்து இந்த ஆண்டு வராதது எது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வித்தியாசங்களை ஓரத்தில் வேறு நிற மையால் குறித்துக்கொள்ளுங்கள்.